பெட்ரோல் வாசனை பிடித்திருந்தால் அடிமையா?

பெட்ரோல், புது பெயின்ட் வாசனையெல்லாம் பிடிக்கிறது, அடிமையாகிவிட்டேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். வாசனை பிடித்திருப்பது மட்டும் அடிமைத்தனம் ஆகாது. பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற ரசாயனத்துக்கே ஒரு இனிப்பு வாடை உண்டு, பலருக்கும் பிடிக்கும்.

ஆனால் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது: பெயின்ட்டில் கலக்கும் தின்னர் டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்து நன்றாக இழுத்தேன், தலை கிறுகிறுத்தது என்று. அது வாசனையை ரசிப்பது இல்லைங்க. தின்னரில் பெரும்பாலும் இருக்கும் டொலுயீன் என்ற ரசாயனம் மூளைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இப்படி வேண்டுமென்றே இழுத்தால் முதல் தடவையிலேயே இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். தயவுசெய்து அந்த டப்பாவை இன்றைக்கே வீட்டைவிட்டு அகற்றுங்கள். அதன்பிறகும் மனசு அதையே தேடினால், யாருக்கும் தெரியாமல் முகரத் தோன்றினால், மனநல மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களுக்கு இது புதிதல்ல.