வீட்டை விற்றுத்தான் படிக்க வைக்கணுமா?

ஈசூனிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உங்கள் மகன் உயர்நிலை நான்கில் இருக்கிறான். கணக்கு சுமார்தான், ஆனால் வீட்டில் பழுதான ரேடியோ எதையும் விட்டுவைப்பதில்லை. சனிக்கிழமையானால் சிம் லிம் டவருக்கு ரெசிஸ்டர் வாங்கக் கிளம்பிவிடுகிறான். உங்கள் அண்ணனோ தொடக்கக் கல்லூரி, பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸ், இங்கே சிங்கப்பூரில் இடம் கிடைக்காவிட்டால் ஆஸ்திரேலியா என்கிறார். அதற்காக ஐந்தறை வீட்டை விற்று மூவறைக்கு மாறலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம்மா. இதில் நான் இழுத்துப் பேசப் போவதில்லை. மத்திய சேமநிதிக் (மசே நிதி) கல்விக் கடன் உள்ளூர்ப் படிப்புக்கு மட்டும்தான். ஆஸ்திரேலியா என்றால் முழுச் செலவும் உங்கள் தலையில். அதோடு, பட்டப்படிப்புக்காக, ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாயமான தேசிய சேவையைத் தள்ளிப்போட பொதுவாக அனுமதி கிடையாது. அவன் விமானம் ஏறவே இன்னும் பல வருடம் இருக்கிறது, அதற்கு இப்போதே வீட்டை விற்பதா? யோசனை சொல்லும் அண்ணன் கடனில் பங்கு எடுத்துக்கொள்ளப் போவதில்லையே.

கம்ப்யூட்டர் சயின்ஸைப் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் சொல்வது, கையால் வேலை செய்யும் பிள்ளைக்குப் பொருந்துகிற ஒரு துறை: ராணுவ வாகனம், கப்பல், விமானம் ஆகியவற்றில் பொருத்தும் கடினமான சிறு கணினிகள்.

1994இல் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரி, ராணுவத்துக்கென்றே தனியாகச் செய்த பாகங்களைக் குறைத்து, முடிந்தவரை சந்தையில் கிடைப்பதை வாங்கச் சொன்னார். அந்தப் போக்கு பரவிவிட்டது. சாதாரண வணிக சிப் 0 முதல் 70 டிகிரி வெப்பம்வரை வேலை செய்யத்தான் தயாராகிறது. வெயிலில் நிற்கும் கவச வாகனத்துக்குள் அதை எப்படி உயிரோடு வைப்பது? அங்கேதான் எஞ்சினியருக்கு வேலை.

அப்படி ஒரு பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் மின்விசிறியே இருக்காது. விசிறி புழுதியை இழுக்கும். உள்ளே விபிஎக்ஸ் என்ற தரத்தில் செய்த, 100க்கு 160 மில்லிமீட்டர் மின்சுற்று அட்டையின் இரு ஓரங்களிலும் ஆப்புப் பூட்டு இருக்கும். திருகை முறுக்கினால் அது விரிந்து அட்டையை அலுமினியச் சுவரோடு இறுக்கும், சூடு அந்த வழியாக வெளியேறும். நினைவகம் செருகியிருக்காது, பற்றவைத்திருக்கும். ஈரமும் உப்புக்காற்றும் புகாதபடி மெல்லிய பூச்சு போட்டிருப்பார்கள்; புற ஊதா விளக்கில் பல பூச்சுகள் நீலமாக ஒளிரும், விட்டுப்போன இடம் உடனே தெரியும். எஞ்சினை முடுக்கும் நொடியில் வாகனத்தின் 28 வோல்ட் பாதிக்கும் கீழே விழலாம், ஆனாலும் திரை அணையக் கூடாது. இதையெல்லாம் மில்-எஸ்டிடி-810, 1275 போன்ற அமெரிக்க ராணுவத் தரவிதிகளின்படி ஆட்டி, சூடாக்கி, உறையவைத்து, மின்னழுத்தத்தை ஏற்றியிறக்கிப் பார்க்கும் சோதனைக்கூடமே தனித் தொழில். சந்தை சிப் சில வருடத்தில் நின்றுபோகும், வாகனமோ முப்பது வருடம் ஓடும். மாற்றுப் பாகம் தேடிப் பொருத்தவும் ஆள் வேண்டும்.

இங்கே எஸ்டி எஞ்சினியரிங் நிறுவனம், டிஎஸ்ஓ ஆய்வுக்கூடம், டிஎஸ்டிஏ அரசு அமைப்பு எல்லாம் தற்காப்புத் தொழில்நுட்பத்தில் இருக்கின்றன. பல பணிகளுக்குக் குடியுரிமையும் பாதுகாப்புச் சரிபார்ப்பும் கேட்பார்கள். ஆயுதம் சார்ந்த வேலை வேண்டாம் என்று அவன் நினைத்தால் அதையும் மதியுங்கள். ரயிலுக்கும் கப்பலுக்கும் இதே திறமை தேவைப்படுகிறது.

இதற்கு வழி, பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாண்டு மின்னணுவியல் பட்டயம். தேசிய சேவை முடிந்து பட்டம் வேண்டுமென்றால் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது.

தேர்வு முடிவுக்கு முன்பே தொழிற்கல்லூரி இடம் தரும் முன்கூட்டிய சேர்க்கைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதில் ஆர்வத்துக்கும் திறமைக்கும் மதிப்பு அதிகம். பழுதுபார்த்த ஒரு ரேடியோவைப் படிப்படியாகப் படமெடுத்து, எது கெட்டிருந்தது, எப்படிக் கண்டுபிடித்தான் என்று அவன் வார்த்தையிலேயே எழுதட்டும். நீங்களோ துணைப்பாட ஆசிரியரோ எழுதித் தரக் கூடாது. அந்த இடத்தை ஏற்றுக்கொண்டு தேர்வில் தகுதியும் பெற்றுவிட்டால், பிறகு தேர்வு மதிப்பெண்ணை வைத்து நடக்கும் கூட்டுச் சேர்க்கை வழியாகத் தொடக்கக் கல்லூரிக்கு மாற முடியாது. ஆகவே 'சரி' சொல்வதற்குமுன் அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்து அவனிடம் கேளுங்கள்.