பேரன் சிரிப்பும் வெறும் சத்தமாகக் கேட்கிறதே!

கேள்வி: எனக்கு வயது 54. நான்கு மாதங்களாக எதிலும் பிடிப்பில்லை. விடியற்காலையில் ஆசையாகக் கேட்கும் நாகஸ்வரம் இப்போது வெறும் சத்தம். பேரன் சிரித்தாலும் மனம் அசையவில்லை. மருமகள் சாதாரணமாகப் பேசினாலே கோபப்படுகிறாள் என்று தோன்றுகிறது. காதிலும் கண்ணிலும் குறையில்லை என்கிறார்கள். மூளையில் ஏதும் கோளாறா, டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருப்பவை மனச்சோர்வு நோயின் அடையாளங்கள். இது குணப்படுத்தக்கூடியது.

காதும் கண்ணும் கொண்டுவரும் செய்திக்கு உணர்ச்சியைச் சேர்ப்பது மூளையின் உட்பகுதிகள். அவற்றில் ஒன்று அமிக்டலா. வாதுமைப் பருப்பு வடிவில் இருக்கும். மனச்சோர்வில் சோகமான முகத்தையோ சொல்லையோ கண்டால் இது அளவுக்கு மீறித் துடிக்கிறது, அடங்கவும் நேரமாகிறது. ஸ்கேன் ஆய்வுகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். இன்பத்தை உணரவைக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியோ மந்தமாகிவிடுகிறது. நாகஸ்வரத்தின் சுரம் காதில் விழுந்தும் சிலிர்ப்பு வராதது இதனால்தான். பேரன்மீது பாசம் குறைந்துவிட்டதோ என்று தயவுசெய்து உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

மருமகள் விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். சிரிப்பும் சினமும் இல்லாத முகத்தைக்கூட மனச்சோர்வு உள்ளவர்கள் வருத்தமான முகமாகவோ கடுகடுப்பாகவோ எடுத்துக்கொள்வது உண்டு. "அத்தை, காபி ஆறிப்போகிறது" என்று அவர் சாதாரணமாகச் சொல்லியிருந்தாலும் அது உங்களுக்கு அதட்டலாகக் கேட்டிருக்கலாம். உடம்பு தேறும்வரை யாரைப் பற்றியும் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

மனநல மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைவும் இப்படிச் சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார். மாத்திரை கொடுத்தால் நான்கைந்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்திவிட்டு மேலும் வாடி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேதரின் ஹார்மர் குழுவினர் செய்த ஆய்வுகளின்படி, மாத்திரை சாப்பிடத் தொடங்கியபின் முகங்களையும் சொற்களையும் மூளை எடுத்துக்கொள்ளும் விதம் முதலில் மாறத் தொடங்குகிறது. மனம் லேசாவதை நாம் உணரச் சில வாரங்கள் ஆகும்.

வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வீட்டில் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

மருத்துவரிடம் போகும்போது மருமகளையும் அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்கு என்ன நேர்கிறது என்பதை அவரும் நேரில் கேட்கட்டும்.