கை நுழையாத இடத்துல பேட்டரி, நானே மாத்தலாமா?

கேள்வி: அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல ஒரு எண்டூரோ பைக் (காடு மேடுல ஓட்டுற ஆஃப்ரோட் வண்டி) வாங்குனேன், செல்ஃப் மட்டும்தான், கிக்கர் கிடையாது. ரெண்டு வாரம் எடுக்காம விட்டா செல்ஃப் அடிக்கும்போது டக் டக்னு சத்தம் மட்டும்தான் வருது. பேட்டரி சீட்டுக்குக் கீழ இல்ல, ஏர்பாக்ஸுக்கு (ஏர் ஃபில்டர் இருக்குற பெட்டி) அடியில ஷாக் அப்சார்பர் பக்கத்துல இருக்கு. தெரு முனை மெக்கானிக் பாத்துட்டு வேணாம்னுட்டாரு. நானே மாத்தலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: தாராளமா மாத்தலாம் தம்பி. ஆஃப்ரோட் பைக்ல வெயிட்டு கீழயும் நடுவுலயும் இருந்தாத்தான் வண்டி சொன்ன பேச்சு கேக்கும், அதனாலதான் பேட்டரிய அப்படி உள்ள தள்ளி வெக்கிறாங்க.

ஆனா பிரிக்கிறதுக்கு முன்னாடி பேட்டரிதான் காரணமான்னு பாத்துடுங்க, இதுக்கு பேட்டரி வரைக்கும் கை போக வேண்டியதே இல்ல. ஸ்டார்ட்டர் ரிலேல (செல்ஃப் மோட்டாருக்கு கரண்ட் விடுற ஸ்விட்ச்) பேட்டரில இருந்து தடி வயர் வந்து சேர்ற போல்ட்ல வோல்ட் பாக்குற மல்டிமீட்டரோட சிவப்பு முனையையும், இன்ஜின்ல பெயின்ட் இல்லாத இடத்துல கருப்பையும் வைங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டில 12.6 வோல்ட்டுக்கு மேல காட்டுனா சார்ஜ் இருக்கு, 12க்குக் கீழன்னா காலி. காலின்னா முதல்ல சார்ஜ் போட்டுப் பாருங்க, ஃபுல் சார்ஜுக்கு அப்புறமும் செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழ விழுந்தா பேட்டரி போச்சு. வண்டி ஓடும்போது கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடுத்தா 13.8ல இருந்து 14.5க்குள்ள ஏறணும், ஏறலன்னா தப்பு சார்ஜிங்க கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் பக்கமோ கரண்ட் உண்டாக்குற காயில் பக்கமோ இருக்கு, புது பேட்டரி போட்டாலும் அதுவும் படுத்துடும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்குற ஜி.பி. ரோட்ல வாங்கப் போறப்போ பழைய பேட்டரி மேல இருக்குற நம்பர பாத்து வாங்குங்க, ஆம்பியர மட்டும் சொல்லிக் கேக்காதீங்க. ஒய்டிஎக்ஸ்7ஏ, ஒய்டிஎக்ஸ்7எல் ரெண்டுமே 12 வோல்ட் 6 ஆம்பியர்-ஹவர்தான், ஆனா முதலாவது 150 எம்எம் நீளம் 94 எம்எம் உயரம், அடுத்தது 114 எம்எம் நீளம் 131 எம்எம் உயரம், பிளஸ் மைனஸ் பக்கமும் மாறி இருக்கும். உங்க வண்டில இருக்குற அந்த இடுக்குல ஒரு எம்எம் கூட விட்டுக் குடுக்காது. பழைய பேட்டரிய கடைலயே குடுத்துடுங்க, அதுல ஈயம் இருக்கு, குப்பைல போடவே கூடாது.

இப்ப கழட்டுற வேலை. சைலன்சர் நல்லா ஆறட்டும், ஏர்பாக்ஸ் கழட்டுனதும் இன்ஜினுக்குள்ள காத்து போற வாய சுத்தமான துணியால அடைச்சிடுங்க, ஒரு சின்ன நட்டு உள்ள விழுந்தா கூட இன்ஜின் செலவு வந்துடும். மைனஸ்தான் முதல்ல. பிளஸ்ஸ முதல்ல கழட்டும்போது ஸ்பேனர் ஃப்ரேம்ல பட்டா நெருப்பு பறக்கும், அதுவும் பெட்ரோல் டேங்க் பக்கத்துல. மைனஸ் டெர்மினலுக்கு கை எட்டலன்னா அந்த வயரோட இன்னொரு முனை இன்ஜின்லயோ ஃப்ரேம்லயோ போல்ட் போட்டிருக்கும், அத கழட்டி டேப் சுத்திட்டா போதும், நெறைய பேருக்கு இது தோணுறதில்ல. வயர் போற வழிய போன்ல படம் எடுத்துக்கங்க.

மாட்டும்போது பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசில. டெர்மினல் நட்டு கீழ இறங்கி போல்ட்டுக்கு சிக்காம படுத்தும், அதுக்கு அடியில சின்னதா ஸ்பான்ஜ் வெட்டி வெச்சா நட்டு மேலயே நிக்கும். ரப்பர் பேடையும் ஸ்ட்ராப்பையும் விட்டுடாதீங்க, கல்லு ரோட்ல அதிர்ற அதிர்வுல டெர்மினல் லூஸானா வண்டி நடுக்காட்டுல நிக்கும்.

இவ்ளோ பிரிச்சிட்டு வெறும் பேட்டரிய மட்டும் மாத்தி மூடிடாதீங்க தம்பி, ரெண்டு டெர்மினல்ல இருந்தும் சார்ஜிங் வயர் ஒண்ணு இழுத்து சைடு பேனல் ஓரமா வெளிய விட்டுடுங்க, பிளஸ் பக்கம் டெர்மினல ஒட்டியே ஃப்யூஸ் கண்டிப்பா வேணும். நம்ம ஊரு சூட்டுல சும்மா நிக்கிற பேட்டரி கூட சீக்கிரம் இறங்கும், அப்படியே காலியா கெடந்தா உள்ள சல்ஃபேட் படிஞ்சு செத்துடும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழைல வண்டி எடுக்காதப்போ வீட்லயே அந்த வயர்ல ஸ்மார்ட் சார்ஜர (ஃபுல் ஆனதும் தானா கரண்ட்ட குறைச்சுக்கும்) மாட்டி விட்டுடலாம், எதையும் பிரிக்க வேண்டியதில்ல.