ஆபிஸ் சந்தாவை நிறுத்திவிட்டு லிப்ரேஆபிஸுக்கு மாறலாமா?

கேள்வி: எங்கள் சிறிய அலுவலகத்தில் ஐந்து கணினிகள். மைக்ரோசாஃப்ட் ஆபிஸுக்கு ஆண்டுதோறும் சந்தா கட்டுவது சுமையாக இருக்கிறது. இலவச மென்பொருளை வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா? பழைய வேர்டு, எக்செல் கோப்புகள் குலையாமல் திறக்குமா?

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம். இலவச அலுவலக மென்பொருளான லிப்ரேஆபிஸை எத்தனை கணினிகளில் நிறுவினாலும் கட்டணம் இல்லை. வணிகப் பயன்பாட்டுக்கும் தடை இல்லை. பெயர் பழகியது என்பதற்காக இன்னொரு இலவச மென்பொருளான ஓப்பன்ஆபிஸைத் தேடிப் போகாதீர்கள். 2010இல் அதிலிருந்து பிரிந்து வளர்ந்ததுதான் லிப்ரேஆபிஸ். ஓப்பன்ஆபிஸ் வேர்டின் டாக்எக்ஸ் (.docx) கோப்பைத் திறக்கும், அந்த வடிவில் சேமிக்காது. வெளியாட்களோடு கோப்பு பரிமாறும் அலுவலகத்துக்கு அது உதவாது.

கோப்பு குலைவதற்குப் பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். கோப்பில் உள்ள எழுத்துரு கணினியில் இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும்; வரிகள் நகர்ந்து, மூன்று பக்கக் கடிதம் நான்காகும். மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களான காலிப்ரிக்கும் கேம்ப்ரியாவுக்கும் ஈடாக, அதே அகலம் கொண்ட கார்லிட்டோ, காலடியா எழுத்துருக்கள் லிப்ரேஆபிஸுடனே வருகின்றன. தமிழில் ஒரு கூடுதல் சங்கதி உண்டு. பத்தி ஸ்டைலில் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்குத் தனியாக இன்னொன்று. ‘அளவை மாற்றினேன், தமிழ் அப்படியே நிற்கிறது’ என்று புலம்புபவர்கள் ஆங்கிலப் பகுதியை மட்டும் மாற்றியிருப்பார்கள். காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற பகுதியில் மாற்றினால் சரியாகிவிடும்.

உங்கள் முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை எக்செல் கோப்புகள். கூட்டல் கழித்தல், வி-லுக்அப், பிவட் டேபிள் எல்லாம் ஓடும். எக்ஸ்-லுக்அப்கூட 2024இல் வெளிவந்த 24.8 பதிப்பில் வந்துவிட்டது. ஆனால் விபிஏ மேக்ரோக்கள் (எக்செல் வேலைகளைத் தானாகச் செய்ய எழுதும் சிறு நிரல்கள்) ஓரளவுக்குத்தான் ஓடும். வெளித் தரவுகளை இழுத்துச் சீராக்கும் பவர் குவெரியும், பெரிய தரவுகளை அலசும் பவர் பிவட்டும் கிடையாது. சம்பளப் பட்டியலோ சரக்கிருப்போ இவற்றை நம்பியிருக்கும் கோப்பில் இருந்தால், ஒரு கணினியில் மட்டும் சந்தாவை வைத்துக்கொண்டு மற்ற நான்கை மாற்றுங்கள். ஐந்தையும் ஒரே நாளில் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இறுதியான கடிதங்களை பிடிஎஃப்பாக அனுப்புங்கள். திருத்தத்துக்காகப் போய்த் திரும்பும் கோப்பு தொடக்கம் முதல் கடைசிவரை டாக்எக்ஸிலேயே இருக்கட்டும். நடுவில் வடிவம் மாற்றினால் அட்டவணைகளும் குறிப்புகளும் அடிபடும். அலுவலகத்துக்குள் மட்டும் புழங்குபவற்றுக்கு, 2006இல் ஐஎஸ்ஓ சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட, லிப்ரேஆபிஸின் சொந்தக் கோப்பு வடிவமான ஓடிஎஃப் போதும்.

லிப்ரேஆபிஸில் மின்னஞ்சல் மென்பொருள் இல்லை. அவுட்லுக்குக்குப் பதிலாகத் தண்டர்பேர்டை நிறுவிக்கொள்ளலாம். சந்தாவோடு வந்த ஒன்டிரைவில் கோப்புகள் கிடந்தால், சந்தா முடியும் முன்பே அவற்றை இறக்கி வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.