எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் தைராய்டு சரியாகுமா?

கேள்வி: வயது 34. ஹாஷிமோட்டோ தைராய்டு என்று சொல்லி தினசரி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆன்டி டிபிஓ அதிகம். எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் இது வந்தது, அமுக்கரா சூரணம் சாப்பிடு என்கிறார் அத்தை. சாப்பிடலாமா? 9 வயது மகளுக்கும் வருமா?

பதில்: சூரணம் வேண்டாம். உங்கள் எதிர்ப்பு சக்தி குறையவில்லை. ஹாஷிமோட்டோ என்பது அந்த எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குவது. ஆன்டி டிபிஓ, அந்தத் தாக்குதலைக் காட்டும் ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் புரதம். தைராய்டும் நம் உடம்புதான் என்று விட்டுவைக்கும் சகிப்புத்தன்மைதான் அதற்குப் போய்விட்டது.

எதிர்ப்பு சக்தியின் படைவீரர்களான டி செல்கள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) உருவாகும்போது எது எதைத் தாக்கும் என்பது குருட்டாம்போக்கில்தான் அமைகிறது. சொந்த உடம்பையே தாக்கக்கூடியவையும் அதில் இருக்கும். மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பி அவற்றைச் சலித்தெடுக்கிறது. இன்சுலின் போன்ற பிற உறுப்புகளின் புரதங்களையும் அது தானே தயாரித்துக் காட்டும். அவற்றை இறுகப் பிடிக்கும் டி செல்களில் பெரும்பாலானவை அங்கேயே மடியும்.

ஆனாலும் சில தப்பிவிடும், எல்லோருக்கும். அப்படியும் பெரும்பாலோருக்கு நோய் வராததற்கு முக்கியக் காரணம், தப்பியவற்றை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள். 1995-ல் இவற்றை அடையாளம் காட்டியவர் ஜப்பான் விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி. 2001-ல் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும், இந்த அடக்கும் செல்கள் உருவாகத் தேவையான ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குச் சில மாதங்களிலேயே சர்க்கரை நோயும் கடும் வயிற்றுப்போக்கும் வரும். மூவருக்கும் 2025-ல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்களைப் போன்றவர்களுக்கு ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. பரம்பரை, பெண்ணாக இருப்பது, பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள், அளவுக்கு மீறிய அயோடின் எல்லாம் சேர்ந்து அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்துகின்றன. சுரப்பி கொஞ்சம் சிதைந்ததும் உள்ளிருந்த புரதங்கள் வெளியே வர, தாக்குதல் இன்னும் வலுக்கும். உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை, தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள்.

அமுக்கரா தைராய்டு ஹார்மோன் அளவையே மாற்றிவிடலாம். அப்புறம் மாத்திரை அளவு குழம்பும். கடல்பாசி மாத்திரைகளும் வேண்டாம். அயோடின் உப்பு போதும். உங்கள் தினசரி தைராய்டு மாத்திரையான தைராக்ஸினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள், காபி அரை மணி நேரமாவது கழித்து. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள். ஆன்டி டிபிஓவைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தேவையில்லை, தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை பார்த்தால் போதும். மறுபடி கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மகளுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான், ஆனால் வந்தே தீரும் என்றில்லை. ஒரே கருவில் உருவான இரட்டையரில்கூட ஒருவருக்கு மட்டும் வருவதுண்டு. இப்போது பரிசோதனை வேண்டாம். உயரம் கூடாமல் நின்றாலோ, கழுத்து வீங்கினாலோ, காரணமில்லாமல் சோர்ந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டி டிஎஸ்எச் பாருங்கள்.