கோட்டைக்குள் ஒரு சேவல்

கேள்வி: செங்கோட்டையன் அ.தி.மு.க.விலிருந்து த.வெ.க.வுக்குப் போய்விட்டார். கோபிசெட்டிபாளையம் யாருடைய கோட்டை? அவருடையதா, இரட்டை இலையுடையதா?
(வாசகர், அந்தியூர்)

பதில்: கோட்டை என்று எழுதிவிட்டீர்களே! இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய தகராறு. தேர்தல் வந்துவிட்டால் எங்கள் உதவி ஆசிரியர் கண்ணுக்கு ஒரு தொகுதியும் தொகுதியாகத் தெரியாது. நான் 'கோட்டை'யை அடித்துக் கொடுத்தால் மறுவாரம் 'எஃகுக் கோட்டை'யோடு வந்து நிற்பார். கோபி என்றால் கேட்கவே வேண்டாம். ஆள் செங்கோட்டையன். கொடிவேரி அணையிலிருந்து பிரிந்து பாய்வது அரக்கன்கோட்டை வாய்க்கால். மனிதர் சும்மா இருப்பாரா? 1996இல் செங்கோட்டையன் தி.மு.க.வின் வெங்கிடுவிடம் தோற்றாரே, அதற்கு அவர் வைக்க ஆசைப்படும் தலைப்பு: 'கோட்டையைக் கோட்டைவிட்டார்'. இன்றுவரை நான் அனுமதிக்கவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 1977இல் சத்தியமங்கலத்தில் ஜெயித்தவர், 1980இல் கோபிக்கு வந்தார். கோபியில் மட்டும் எட்டு வெற்றி. அதில் எனக்குப் பிடித்தது 1989. எம்.ஜி.ஆர். மறைந்து, கட்சி உடைந்து, இலை முடங்கிக் கிடந்தது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். ஒன்பது வருடமாக இலைக்கு ஓட்டுக் கேட்டுப் போன அதே திண்ணைகளில் ஏறி, "இந்தத் தடவை சேவலுங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னார், ஜெயித்தார். ஆக, ஆளுக்கென்று ஓட்டு இருக்கிறது.

ஆனால் அவருடைய ஆட்கள் அதற்குள் பட்டாசு வாங்க வேண்டாம். 1996இல் இலை கையில் இருந்தும் தோற்றார். ஜெயலலிதாவே பர்கூரில் தோற்று, கட்சிக்கு மொத்தமே 4 இடம் கிடைத்த வருடம் அது, மன்னித்துவிடலாம். 2001தான் இடிக்கிறது. அந்தத் தேர்தலில் அவர் நிற்கவேயில்லை. வேறொருவர் இலையில் நின்றார், கோபி அவரையும் ஜெயிக்க வைத்தது. 2025 நவம்பரில் எம்.எல்.ஏ. பதவியையும் விட்டுவிட்டு விஜய் கட்சிக்குப் போனவருக்கு, 1989 எவ்வளவு தெம்போ 2001 அவ்வளவு வயிற்றுக்கலக்கம்.

கோட்டை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது தென்மாவட்டத்து விதைக்கோட்டைதான். வைக்கோல் பிரியைச் சுற்றிப் பரப்பி, நடுவில் விதைநெல்லைக் கொட்டி, பெரிய பந்து மாதிரி இறுக்கிக் கட்டி, மேலே சாணி மெழுகிக் காயவைப்பார்கள். எலியும் பூச்சியும் லேசில் நுழையாது. ஆனால் விதைக்கிற நாள் வந்தால் அரிவாளை எடுத்து அறுத்தே தீர வேண்டும். உள்ளே இருப்பது முளைக்குமா, மக்கிவிட்டதா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

இதை அச்சுக்குக் கொடுக்கும்போது உதவி ஆசிரியர் எட்டிப் படித்துவிட்டார். "அப்போ 'விதைக்கோட்டை'ன்னு தலைப்பு வெச்சிடலாமா சார்?"