கைப்பேசிக் கேமராவை மாற்றினால் படம் தெளியுமா?

கேள்வி: இந்த ஆண்டு அழகர் ஆற்றில் இறங்கியபோது நான் எடுத்த படங்கள் எல்லாம் கலங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் வந்திருக்கின்றன. அழகர் உடுத்தியிருந்த பட்டு பச்சை என்பதுகூடப் படத்தில் தெரியவில்லை. என் கைப்பேசி 48 மெகாபிக்சல், அரை அங்குல சென்சார் கொண்டது. விலை உயர்ந்த போனின் கேமராவைக் கழற்றி இதில் பொருத்தித் தருவதாகப் பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒருவர் சொல்கிறார். நண்பரோ ஜிகேம் செயலியை ஏற்றச் சொல்கிறார். எதைச் செய்யலாம்?
– வாசகர், செல்லூர், மதுரை

பதில்: கடைக்காரரின் யோசனையை முதலில் தள்ளிவிடுங்கள். ஒளியை உணரும் சென்சார், லென்ஸ் அடுக்கு, ஃபோகஸுக்காக லென்ஸை நகர்த்தும் நுண்சுருள் எல்லாம் சேர்ந்த ஒரே சிறு பெட்டிதான் கைப்பேசிக் கேமரா. அதை இயக்கும் மென்பொருளும், நிறத்தையும் இரைச்சலையும் (படத்தில் விழும் புள்ளிகளை) திருத்தும் கணக்குகளும் அந்தந்த மாடலுக்கென்றே எழுதப்பட்டவை. வேறு மாடலின் கேமராவுக்குப் பெரும்பாலும் இணைப்பு முனையே பொருந்தாது; பொருந்தினாலும் உங்கள் போனுக்கு அதை அடையாளம் தெரியாது. அதே மாடலின் கேமராவைப் போட்டால் வேலை செய்யும், ஆனால் பழைய தரம்தான் கிடைக்கும். பின்மூடியைத் திறந்ததால் நீர் புகாமல் காக்கும் பசை போனதுதான் மிச்சம்.

உண்மையான குறை வெளிச்சத்தில் இருக்கிறது. அரை அங்குல சென்சார் என்பது ஏறத்தாழ 6.4 மி.மீ. அகலமும் 4.8 மி.மீ. உயரமும் கொண்டது. திருவிழாவுக்கு வரும் புகைப்படக்காரர்கள் பலர் வைத்திருக்கும் முழுச்சட்டக் கேமராவின் சென்சார் 36க்கு 24 மி.மீ.; பரப்பில் 28 மடங்கு பெரியது. போதாத ஒளியை ஈடுகட்ட உங்கள் போன் ஷட்டரை நெடுநேரம் திறந்துவைக்கிறது. அதற்குள் அழகரைச் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகளின் தோளில் தங்கக் குதிரை ஆடிவிடுகிறது. கலங்கல் அதனால்தான். புள்ளிகள், ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓவைப் போன் ஏற்றியதன் விளைவு.

ஒரு சந்தேகம் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். படமெடுக்குமுன் லென்ஸைத் துடைத்தீர்களா? தோப்பறை எனும் தோல் பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் கூட்டத்தில் யாரையும் விட்டுவைப்பதில்லை. லென்ஸ் மீது ஒரு துளி காய்ந்திருந்தாலும் விளக்குகளைச் சுற்றிப் புகைபோல் வளையம் வரும். வேட்டி நுனியால் துடைத்தால் ஆற்று மணல் கண்ணாடியைக் கீறிவிடும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் சொன்ன ஜிகேம், கூகுள் தன் சொந்த போன்களுக்காக எழுதிய கேமராச் செயலியைத் தனியார்வலர்கள் பிற போன்களுக்கேற்பத் திருத்திய வடிவம். குறைந்த நேரத்தில் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி இரைச்சலைக் குறைப்பதே அதன் உத்தி. 2018இல் வந்த இரவுப் பயன்முறையும் இதே வழியில் வந்ததுதான். அசையாத கோபுரத்துக்கு இது அருமையானது. அசையும் அழகருக்கு அவ்வளவாக உதவாது, ஏனெனில் நகர்ந்த பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. மேலும், பிற செயலிகள் கேமராவை இயக்க வழிவிடும் கேமரா2 ஏபிஐ வசதியை உங்கள் போன் போதிய அளவு தந்தால்தான் செயலி ஒழுங்காக ஓடும். இது பிளே ஸ்டோரில் கிடைக்காத கோப்பு என்பதால், குறுஞ்செய்திக்கோ தொடர்பு எண்களுக்கோ அனுமதி கேட்டால் உடனே நீக்கிவிடுங்கள்.

அடுத்த சித்திரைக்கு நான் சொல்வது இதுதான். அளவுகளை நாமே அமைக்கும் புரோ பயன்முறையில் ஷட்டரை 1/125 நொடியிலும், ஐஎஸ்ஓவை 1600க்கு அருகிலும் வைத்து, 48 மெகாபிக்சலை விட்டு 12 மெகாபிக்சலுக்கு மாறுங்கள். அப்போது நான்கு பிக்சல்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒளியை வாங்கும். உங்கள் போனில் ரா வடிவம் (சென்சார் பதிந்ததைத் திருத்தாமல் வைக்கும் கோப்பு) இருந்தால் அதிலேயே எடுங்கள். விளக்கொளியில் மஞ்சளடித்த பட்டை, வீட்டுக்கு வந்தபின் வெள்ளைச் சமநிலையைத் திருத்திப் பச்சைக்கே கொண்டுவரலாம். சாதாரண ஜேபெக் படத்தில் அந்த அளவுக்கு இடமில்லை. பச்சைப் பட்டைப் பார்த்து அந்த ஆண்டின் செழிப்பைச் சொல்லும் ஊரில் இது சிறிய விஷயமல்ல.

கேள்வி: மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் முழுவதையும் படமெடுக்கக் கிளிப் லென்ஸ் வாங்கலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: மலிவான கிளிப் லென்ஸில் ஓரங்கள் குழையும், ஒன்பது நிலைக் கோபுரத்தின் உச்சிக் கலசங்கள் அந்த ஓரத்தில்தான் விழும். உங்கள் போனிலேயே அகலக் கோணக் கேமரா இருந்தால் அது போதும். கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை என்பதால் எப்படியும் வீதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். தெற்குச் சித்திரை வீதியிலிருந்து முடிந்தவரை பின்வாங்கி, போனைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடியுங்கள். கிளிப்தான் வேண்டுமென்றால் கவரைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். கவரின் மேல் அது லென்ஸுக்கு நேராக உட்காராது.